நாலரை மணி பஸ் போன பிறகும் திறக்கிற ஜர்னல்கள்: ஒரு தொலைநிலை அணுகல் சேவையுடன் ஓராண்டு

எங்கள் கல்லூரி பஸ்கள் சாயங்காலம் 4.30-க்கு வரிசையாகக் கிளம்பிவிடும். இண்டூர் வழியாகப் பென்னாகரத்துக்கு ஒன்று, பாப்பாரப்பட்டிக்கு ஒன்று, நல்லம்பள்ளி, காரிமங்கலம், கடத்தூர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு திசை. அதை விட்டால் தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் போய் வேறு வண்டி பிடித்து ஊர் சேர இருட்டிவிடும். அதனால் 4.10-க்கே பிள்ளைகள் பையைத் தோளில் மாட்டிவிடுவார்கள். அதற்கப்புறம் நூலகம் காலி.

பல ஆண்டுகளாக இந்தக் காலி நூலகம்தான் என் மனசில் முள்ளாக இருந்தது. தாளாளரிடம் நின்று, பேசி, பணம் வாங்கி, வேதியியலுக்கும் வணிகவியலுக்கும் மின்னிதழ்த் தொகுப்புகள் வாங்கி வைத்திருக்கிறோம். ஒரு எம்.எஸ்சி. மாணவிக்கு அவற்றைப் படிக்கக் கிடைப்பது மதியச் சாப்பாட்டு வேளையில் அரை மணி நேரமும் வாரத்துக்கு ஒரு நூலக வகுப்பும்தான் என்றால், வாங்கினோம் என்று எப்படிச் சொல்வது?

தர்மபுரி மாவட்டத்தில் ஒரு சுயநிதிக் கலை அறிவியல் கல்லூரியில் 17 வருடமாக நூலகராக இருக்கிறேன். கடந்த ஜூலையில், வீட்டிலிருந்தே மின்னிதழ்களைப் படிக்க வழி செய்யும் தொலைநிலை அணுகல் சேவை ஒன்றை ஒரு தனியார் நிறுவனத்திடம் வாங்கினோம். ரென்யூவலுக்கு நேரம் வந்துவிட்டது. அக்கம்பக்கத்துக் கல்லூரி நூலகர்கள் நாலைந்து பேர் "எப்படி இருக்கு, வாங்கலாமா?" என்று போனில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட விரிவாக எழுதிவிடுகிறேன். நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. நான் சொல்லப்போகிற குறைகளில் பாதி இந்த வகைச் சேவை எல்லாவற்றிலும் வரக்கூடியவை. ஒருவர் தலையில் மட்டும் அதை ஏற்றுவது நியாயமில்லை.

முதலில், இது இல்லாமல் எப்படி இருந்தோம் என்று சொல்ல வேண்டும். பதிப்பகத்தார் நம்மை அடையாளம் காண்பது ஐபி முகவரியை, அதாவது இணைய லைனுக்கு உரிய எண்ணை, வைத்து. கல்லூரியின் நிலையான ஐபி எண்ணை ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்துவிட்டால், அந்த எண்ணிலிருந்து யார் வந்தாலும் கதவு திறக்கும். பெயர் கேட்காது, பாஸ்வேர்டு கேட்காது. வளாகத்துக்குள் இதைவிடச் சுகமான ஏற்பாடு கிடையாது.

ஆனால் அந்த எண் மாறினால் எல்லாம் போச்சு. மூன்று வருடத்துக்கு முன் கோடை விடுமுறையில் கல்லூரி அலுவலகம் இணைய லைனை வேறு கம்பெனிக்கு மாற்றியது. நூலகத்துக்கு யாரும் சொல்லவில்லை. ஜூன் மாதம் கல்லூரி திறந்ததும் எந்தக் கட்டுரையைத் தொட்டாலும் பணம் கட்டச் சொன்னது. சந்தா கட்டத் தவறிவிட்டோமோ என்று பதறி, இரண்டு நாள் ரசீது ஃபைல்களைப் புரட்டினேன். மூன்றாம் நாள் லேப் டெக்னீஷியன் தம்பி, "லைன் மாத்திட்டோமே மேடம், தெரியாதா?" என்றார். பதிப்பகங்களுக்குப் புது எண்ணை எழுதி அனுப்பினேன். ஒன்று மறுநாளே மாற்றிக் கொடுத்தது, இன்னொன்று மாற்ற 11 நாள் ஆயிற்று. அன்றிலிருந்து அலுவலகச் சுவரில் என் கையெழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது: "இணைய லைனை மாற்றுவதற்கு 15 நாள் முன் நூலகத்துக்குத் தெரிவிக்கவும்."

வீட்டிலிருந்து படிக்க இந்த ஐபி முறை உதவாது. மாணவியின் செல்போனுக்கு வரும் எண் அவளுக்கு மட்டும் உரியதல்ல. அதே எண்ணைப் பலர் பகிர்ந்துகொள்கிறார்கள், அதுவும் மாறிக்கொண்டே இருக்கும். ஒரு பதிப்பகம் கல்லூரிக்கென்று ஒரே யூசர்நேமும் பாஸ்வேர்டும் கொடுத்திருந்தது. பிள்ளைகளுக்கு எளிதாக இருக்கட்டும் என்று அதை நோட்டீஸ் போர்டில் ஒட்டினேன். அது என் தவறு. யாரோ போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட, இரண்டே மாதத்தில் அந்தக் கணக்கு முடக்கப்பட்டது. ஒரே சாவியை ஊருக்கெல்லாம் கொடுக்கக் கூடாது, ஆளுக்கொரு சாவி வேண்டும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இப்போது வாங்கியிருக்கும் சேவை ப்ராக்ஸி முறையில் ஓடுகிறது. மாணவி ஒரு கட்டுரையின் லிங்கைத் தொட்டால் அது நேராகப் பதிப்பகத்துக்குப் போகாது. முதலில் ப்ராக்ஸி சர்வருக்கு வரும். சர்வர் யார் என்று கேட்கும். அவள் தன் பதிவெண்ணையும் பாஸ்வேர்டையும் கொடுத்ததும், அவள் சார்பில் சர்வரே பதிப்பகத்திடம் போய்ப் பக்கத்தை வாங்கி வந்து தரும். பதிப்பகத்துக்குத் தெரிவது கல்லூரிக்கென்று பதிவான ஐபி எண் மட்டும்தான். பக்கத்தில் உள்ள மற்ற லிங்குகளையும் தன் வழியாகவே போகும்படி சர்வர் மாற்றி எழுதிவிடும். கட்டுரை திறந்திருக்கும்போது மேலே முகவரிப் பெட்டியைப் பார்த்தால் இது கண்ணில் படும். பதிப்பகத்தின் முகவரியில் இருந்த புள்ளிகள் சிறு கோடுகளாக மாறி, அதன் வாலில் நம் கல்லூரிப் பெயர் ஒட்டியிருக்கும். வால் இருந்தால் உள்ளே இருக்கிறோம், வால் இல்லாவிட்டால் வெளியே நிற்கிறோம். பிள்ளைகளுக்கு முதல் வகுப்பில் நான் சொல்லிக்கொடுப்பது இது ஒன்றைத்தான்.

இந்த வகையில் உலகம் முழுக்கப் பேர்போனது ஈசிப்ராக்ஸி. அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தில் சமுதாயக் கல்லூரி நூலகராக இருந்த கிறிஸ் ஸாகர் 1999-இல் அதை எழுதினார். 2008-இல் ஓசிஎல்சி என்ற நூலகக் கூட்டுறவு அமைப்பு அதை வாங்கிக்கொண்டது. ஒரு நூலகர் தன் வாசகர்களுக்காக உட்கார்ந்து எழுதிய மென்பொருள் என்பதால் எனக்கு அதன் மேல் தனி மரியாதை உண்டு. ஆனால் நாமே அதை நிறுவி நடத்த ஒரு சர்வர் வேண்டும், பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். ஒவ்வொரு பதிப்பகத்துக்கும் எந்தெந்த இணைய முகவரிகள் ப்ராக்ஸி வழியாகப் போக வேண்டும் என்று ஒரு கோப்பில் வரி வரியாக எழுதி, அவை மாற மாற நாமும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். எங்கள் கல்லூரி முழுவதற்கும் ஒரே ஒரு லேப் டெக்னீஷியன். அதனால்தான் சர்வரும் பராமரிப்பும் அவர்கள் பொறுப்பு என்று சொன்ன நிறுவனத்திடம் போனோம்.

தொடக்கத்தில் பி.ஜி. மாணவர்கள், ஆராய்ச்சி மாணவர்கள், ஆசிரியர்கள் எல்லாம் சேர்த்து 312 பேருக்குக் கணக்குத் தொடங்கினோம். ஒரே பெயரில், ஒரே இனிஷியலில் மூன்று பேர் இருப்பார்கள் என்பதால் பெரியார் பல்கலைக்கழகப் பதிவெண்ணையே யூசர்நேமாக வைத்தேன். பிறந்த தேதி முதல் பாஸ்வேர்டு. எக்செல் தாளில் 312 வரிகளை அடித்து ஏற்றி, எல்லாருக்கும் குறுஞ்செய்தி போனபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

முதல் வாரத்திலேயே 90 பேருக்கு மேல் வந்து நின்றார்கள். "பாஸ்வேர்டு தப்புன்னு வருது மேடம்." நிறுவனத்தின் உதவி மையத்துக்குச் சொன்னால், தேதியைச் சரியாக அடிக்கச் சொல்லுங்கள் என்றார்கள். பிள்ளைகள் சரியாகத்தான் அடித்தார்கள், பக்கத்தில் நின்று நானே பார்த்தேன். ஒரு நாள் சாயங்காலம் பஸ்கள் போன பிறகு, புகார் நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயருக்கும் நேராகப் பிறந்த தேதியை எழுதினேன். இருபது பெயர் எழுதியதும் விஷயம் தெரிந்துவிட்டது. வந்தவர்கள் அத்தனை பேரும் மாதத்தின் 1-இலிருந்து 12-க்குள் பிறந்தவர்கள். தாளை ஏற்றும்போது நாளும் மாதமும் இடம் மாறியிருந்தன. ஜூலை 3-இல் பிறந்தவள் மார்ச் 7-இல் பிறந்தவளாகிவிட்டாள். 12-ஆம் தேதிக்கு மேல் பிறந்தவர்கள் தப்பித்தார்கள், ஏனென்றால் பதின்மூன்றாம் மாதம் என்று ஒன்று இல்லை. மே 5-இல் பிறந்த ஒரு பையனுக்கும் ஒரு சிக்கலும் வரவில்லை.

புதிதாக வாங்குகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். தேதிகளை அடிப்பதற்கு முன்பே எக்செல்லில் அந்தப் பத்தியை வெறும் எழுத்து வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். பிறந்த தேதியைப் பாஸ்வேர்டாக நீடிக்க விடுவதும் ஆபத்து. ஒரே பெஞ்சில் உட்காரும் தோழிக்கு அது தெரியும். முதல் லாகினிலேயே பாஸ்வேர்டை மாற்றச் சொல்லிக் கட்டாயப்படுத்தும் வசதி இந்தச் சேவையில் இருக்கிறது, ஆனால் அதை நாம் தேடிப் போய் ஆன் செய்ய வேண்டும். அதைத் தொடக்கத்திலேயே ஆன் செய்து கொடுத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

கணக்குகளை மூடுவதில் சேவை உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. பதிப்பக ஒப்பந்தங்களில் பொதுவாக இப்போது படிக்கிறவர்களுக்கும் வேலை செய்கிறவர்களுக்கும் மட்டும்தான் உரிமை. படித்து முடித்தவர் வீட்டிலிருந்து பயன்படுத்தினால் அது மீறல். ஒவ்வொரு பேட்ச்சுக்கும் முடிவுத் தேதியை முன்கூட்டியே போட்டுவிட்டால் அன்றிரவே கணக்குகள் தாமாக மூடிக்கொள்கின்றன. முன்பு நான் ஒவ்வொரு பெயராகத் தேடி நீக்கிக்கொண்டிருந்த வேலை இது. ஓர் ஆராய்ச்சி மாணவருக்கு ஆய்வேடு எழுதுகிற நேரத்தில் கணக்கு மூடிவிட்டது. அவருக்குப் பல்கலைக்கழகம் கால நீட்டிப்பு கொடுத்திருந்த கடிதத்தைப் பார்த்து ஒரே சொடுக்கில் நீட்டித்தேன், அவ்வளவுதான்.

இனி இந்தச் சேவையில் என்னை மிகவும் வருத்திய விஷயத்துக்கு வருகிறேன்.

எம்.எஸ்சி. வேதியியல் படிக்கிற ஒரு பெண், பென்னாகரம் பக்கத்துக் கிராமம். நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு பற்றி புராஜெக்ட் செய்துகொண்டிருந்தாள். எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு லிட்டர் தண்ணீரில் ஃப்ளோரைடு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. இங்கே அதைத் தாண்டிய கிணறுகளின் தண்ணீரைக் குடித்து வளர்ந்த தலைமுறைகள் உண்டு. 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். அவளுடைய அம்மாவின் பற்களில் அந்தப் பழுப்புக் கோடுகள் உண்டு. அதைச் சொல்லித்தான் இந்தத் தலைப்பைக் கேட்டு வாங்கினாள்.

ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி 8.10-க்கு அவளிடமிருந்து போன். "மேடம், கட்டுரையோட சுருக்கம் வருது. பிடிஎஃப்-ஐ அமுக்குனா மட்டும் காசு கேக்குது." ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பச் சொன்னேன். இரண்டு படம் அனுப்பினாள். முதல் படத்தில் முகவரிப் பெட்டியில் வால் இருந்தது. பிடிஎஃப் பக்கத்தின் படத்தில் வால் இல்லை. பதிப்பகம் தன் பிடிஎஃப் கோப்புகளை வேறொரு இணைய முகவரிக்கு மாற்றியிருக்கிறது, அந்தப் புது முகவரி நிறுவனத்தின் பட்டியலில் ஏறவில்லை. சுருக்கம் வரைக்கும் ப்ராக்ஸி வழியாகப் போனவள், கடைசி அடியில் வெளியே தள்ளப்பட்டாள்.

அன்றிரவே உதவி மையத்துக்கு டிக்கெட், அதாவது இணையவழிப் புகார், போட்டேன். பதில் திங்கள் மதியம் வந்தது: "எங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது. பிரவுசரின் கேஷை (அது சேமித்து வைத்திருக்கும் பழைய பக்கங்களை) அழித்துவிட்டு முயற்சிக்கவும்." நான் அந்த இரண்டாவது படத்தில் முகவரிப் பெட்டியைச் சிவப்பு வட்டம் போட்டு மறுபடி அனுப்பினேன். புதன்கிழமை சரியானது. ஒரே ஒரு வரி சேர்க்க வேண்டிய வேலைக்கு ஐந்து நாள். அவளுக்குச் செவ்வாய்க்கிழமையே புராஜெக்ட் ரிவ்யூ. சனிக்கிழமை நான் கல்லூரிக்குப் போய் வளாக லைனில் அந்தக் கட்டுரையை இறக்கி அவளுக்கு அனுப்பிவிட்டேன். அவள் எங்கள் மாணவி, ஒப்பந்தப்படி படிக்க உரிமை உள்ளவள், அதனால் அதில் தவறில்லை. மறு வாரம் நூலகத்துக்கு வந்தபோது, அந்தக் கட்டுரையின் அட்டவணையை நோட்டில் நகலெடுத்து, பக்கத்தில் ஒரு பத்தி புதிதாகப் போட்டு, தன் ஊரின் நாலு போர்வெல் தண்ணீரின் அளவுகளைப் பென்சிலால் எழுதி வைத்திருந்தாள்.

அந்த ஐந்து நாளில் இதே இடத்தில் முட்டிக்கொண்டு, எனக்குப் போன் செய்யத் தோன்றாமல் விட்ட பிள்ளைகள் எத்தனை பேர் என்று நினைத்தால் இப்போதும் கஷ்டமாக இருக்கிறது. காசு கேட்கிற பக்கத்தைப் பார்த்ததும் "இது நமக்கு இல்ல போல" என்று மூடிவிடுகிற பிள்ளைகள் இவர்கள். வீட்டில் முதல் முறையாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள். சேவையில் கோளாறு என்று அவர்களுக்குத் தோன்றாது, தமக்கு உரிமையில்லை என்றுதான் தோன்றும். அதனால்தான் உதவி மையத்தின் வேகத்தை நான் மற்ற எல்லா வசதிகளுக்கும் மேலே வைக்கிறேன். இந்த ஆண்டில் நான் போட்டது 23 டிக்கெட். ஒரே நாளில் தீர்ந்தது 9. மற்றவற்றுக்கெல்லாம் இரண்டு நாள் முதல் ஒரு வாரம் வரை. சனி, ஞாயிறில் ஆளே இல்லை. பிள்ளைகள் படிப்பதோ அந்த இரண்டு நாளில்தான்.

போனில் பயன்படுத்துவது எப்படி என்று பலர் கேட்டார்கள். தனி ஆப் தேவையில்லை, குரோமிலேயே திறக்கிறது. போனில் இடமே இல்லாத பிள்ளைகளுக்கு இது பெரிய உபகாரம். ஆனால் தொடக்கத்தில் 20 நிமிடம் சும்மா இருந்தால் வெளியேற்றிவிட்டது. வத்தல்மலையிலிருந்து வருகிற ஒரு பையனுக்கு வீட்டில் சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கும். கட்டுரையின் பாதியில் அறுந்து, மறுபடி லாகின் போட்டு, மறுபடி தேடி என்று அலுத்துப்போனான். அந்த நேரத்தை 2 மணி நேரமாக்கிக் கொடுங்கள் என்று கேட்டேன். செய்தார்கள். அதுவும் அன்றைக்கே. இதை நான் நன்றியோடு குறிப்பிட வேண்டும்.

இன்னொரு நல்லது. நவம்பரில் ஒரு பதிப்பகம் எங்கள் ஐபி எண்ணையே முடக்கிவிட்டது. யாரோ ஓர் இதழின் பல ஆண்டுக் கட்டுரைகளை வரிசையாக இறக்கியிருக்கிறார்கள். ப்ராக்ஸியில் எல்லாரும் ஒரே எண் வழியாகப் போவதால், ஒருவர் செய்தால் 312 பேருக்கும் கதவு மூடும். பதிப்பகம் அனுப்பிய நேரத்தைச் சேவையின் பதிவேட்டோடு ஒப்பிட்டு, எந்தக் கணக்கு என்று அரை மணி நேரத்தில் கண்டுபிடிக்க முடிந்தது. ஓர் ஆராய்ச்சி மாணவர், வீட்டில் நெட் சரியாக இல்லாததால் தேவைப்படுகிறபோது இருக்கட்டும் என்று ஒரு கருவியைப் போட்டு இறக்கியிருந்தார். திருட்டு எண்ணமில்லை. பேசிப் புரியவைத்து, பதிப்பகத்துக்கு விளக்கம் எழுதினேன், மறுநாள் திறந்துவிட்டார்கள். அதன் பிறகு ஓர் ஆள் ஒரு மணி நேரத்தில் இறக்கக்கூடிய அளவுக்கு ஓர் எல்லை வைத்தோம்.

அதே பதிவேடுதான் எனக்குப் பயத்தையும் தருகிறது. யார், எந்த நேரத்தில், எந்தக் கட்டுரையைத் திறந்தார் என்பது முழுக்க அதில் இருக்கிறது. ஒரு துறைத் தலைவர், தன் மாணவர்களில் யார் படிக்கிறார்கள், யார் படிக்கவில்லை என்று பெயர் வாரியாகப் பட்டியல் கேட்டார். இன்டர்னல் மார்க்கில் சேர்க்கலாம் என்ற நல்ல எண்ணம்தான். நான் கொடுக்கவில்லை. ஒரு பெண் தன் உடல்நிலை பற்றியோ வீட்டுச் சிக்கல் பற்றியோ ஒரு கட்டுரை படித்திருக்கலாம். அது அவளுக்கும் அந்தக் கட்டுரைக்கும் நடுவில் இருக்க வேண்டியது. துறைவாரி மொத்த எண்ணிக்கை மட்டும் கொடுத்தேன், பிரின்சிபாலும் ஒத்துக்கொண்டார். பதிவேடு 90 நாளுக்குப் பிறகு தானாக அழியும்படி செய்யச் சொல்லி நிறுவனத்துக்கு எழுதினேன். அதற்கு முன் அது ஒரு வருடம் கிடந்திருக்கும். 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்ட நாட்டில், இதையெல்லாம் நூலகர் கேட்டு வாங்க வேண்டிய நிலை இருக்கக் கூடாது.

புள்ளிவிவரம் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வரும்போது எல்லாரும் இதைத்தான் தேடுவோம். சேவையின் முகப்பில் அழகான வரைபடத்தோடு ஓர் எண் வரும். பிப்ரவரியில் அது 18,460 ஹிட்ஸ் என்று காட்டியது. அதே மாதத்துக்குப் பதிப்பகங்கள் கொடுத்த கவுன்டர் அறிக்கைகளைக் கூட்டினால் முழுக் கட்டுரை கேட்கப்பட்டது 611 முறை. ஒரு பக்கத்தில் உள்ள ஒவ்வொரு படமும் பொத்தானும் ஒரு ஹிட்டாகக் கணக்கில் ஏறியிருக்கிறது. கவுன்டர் என்பது பதிப்பகங்களும் நூலகங்களும் சேர்ந்து வகுத்த பொது அளவுமுறை. 2025 ஜனவரியிலிருந்து அதன் 5.1 பதிப்பு நடைமுறையில் இருக்கிறது. இரட்டைச் சொடுக்கை அது ஒன்றாகத்தான் எண்ணும். நான் நிர்வாகத்துக்குக் கொடுத்தது 611-ஐத்தான். சின்ன எண்ணாக இருந்தாலும் அதற்குப் பின்னால் உண்மையான வாசிப்பு இருக்கிறது.

கவுன்டர் அறிக்கைகளில் எனக்கு மிகவும் பயன்பட்டது அணுகல் மறுப்பு அறிக்கை. நம்மிடம் சந்தா இல்லாத இதழ்களை நம் பிள்ளைகள் எத்தனை முறை தட்டிப் பார்த்துத் திரும்பினார்கள் என்பதை அது சொல்லும். உணவு பதப்படுத்தல் தொடர்பான ஓர் இதழ் 74 முறை. விசாரித்தால், வணிகவியலிலும் உயிர்வேதியியலிலும் கிருஷ்ணகிரி மாங்கூழ்த் தொழிற்சாலைகளை வைத்துப் புராஜெக்ட் செய்கிற பிள்ளைகள். அடுத்த ஆண்டுக்கான கொட்டேஷனில் அந்த இதழைச் சேர்த்துவிட்டேன்.

எல்லாக் கல்லூரிக்கும் இந்தச் சேவை வேண்டுமா? வேண்டாம். அரசுக் கல்லூரியில் இருக்கிறவர்கள் அவசரப்பட்டு வாங்காதீர்கள். 2024 நவம்பர் 25-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த "ஒரே நாடு ஒரே சந்தா" திட்டத்தில் 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்கள் இருக்கின்றன. 2025 முதல் மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கீடு, 6,300-க்கும் மேற்பட்ட அரசு நிறுவனங்களுக்கு. எங்களைப் போன்ற சுயநிதிக் கல்லூரிகள் அதில் இல்லை. ஒரே ஊரில், ஒரே பல்கலைக்கழகத்தின் கீழ், ஒரே பாடத்திட்டத்தைப் படிக்கிற அக்காவும் தங்கையும். அரசுக் கல்லூரியில் படிக்கிற அக்காவுக்குத் திறக்கிற கட்டுரை என் நூலகத்துத் தங்கைக்குத் திறக்காது. அந்தத் தங்கையின் அப்பாவும் அதே கூலிக்காரர்தான். இது சீக்கிரம் மாற வேண்டும்.

காந்திநகரில் உள்ள இன்ஃப்லிப்நெட் மையம் 2010-இலிருந்து நடத்தும், கல்லூரிகளுக்கு மின்னிதழ்களும் மின்னூல்களும் தரும் என்-லிஸ்ட் திட்டத்தில் நாங்களும் உறுப்பினர். அதில் ஒவ்வொருவருக்கும் தனி லாகின், அவர்களுடைய சர்வரிலேயே அடையாளச் சோதனை, அதனால் வீட்டிலிருந்து படிக்கத் தனியாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. கல்லூரி சொந்தமாக வேறு எதற்கும் சந்தா கட்டவில்லை என்றால் அதுவே போதும். இன்ஃபெட் என்ற கூட்டமைப்பு லாகினும் அவர்களிடம் உண்டு, ஷிபலெத் என்ற அடையாளச் சோதனை மென்பொருளில் ஓடுவது. பதிப்பகத்தின் பக்கத்திலேயே கல்லூரியைத் தேர்ந்தெடுத்து உள்ளே போகலாம். முகவரியை மாற்றி எழுதும் வேலை அதில் கிடையாது, எனவே நான் சொன்ன அந்த பிடிஎஃப் சிக்கல் அதில் வராது. ஆனால் பதிப்பகப் பக்கங்களில் அந்த லாகின் பொத்தானைக் கண்டுபிடிப்பதற்கே எங்கள் பிள்ளைகள் திணறுகிறார்கள். ப்ராக்ஸியில் நான் ஒரு லிங்க் கொடுத்தால் போதும்.

எங்களுக்கு ஆண்டுக் கட்டணம் 48,000 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 56,640. தலைக்கு 181 ரூபாய் சொச்சம். பிள்ளைகள் இந்த ஒரு வருடத்தில் கட்டுரை திறந்த நேரங்களைப் பார்த்தால், பாதிக்கு மேல் சாயங்காலம் 6-க்கும் ராத்திரி 11-க்கும் நடுவில். நாங்கள் சொந்தமாகச் சந்தா கட்டும் இதழ்களில் அந்த நேரத்தில் முன்பு எங்கள் கணக்கு பூஜ்யம். அதனால் கொடுத்த பணம் தகும் என்றே சொல்வேன். ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். உதவி மையம் சரியாக இருந்திருந்தால் நாலரை.

வாங்க நினைக்கிறவர்களுக்கு ஒரு யோசனை. டெமோ காட்ட வருகிறவர் தன் லேப்டாப்பில், தனக்குத் தெரிந்த கட்டுரையைத் திறந்து காட்டுவார். அதை ஏற்காதீர்கள். நூலகத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு மாணவியைக் கூப்பிட்டு, அவள் போனில் வைஃபையை அணைத்து, அவளுக்கு இந்த வாரம் தேவைப்படுகிற கட்டுரையை, சுருக்கத்தோடு நிற்காமல் பிடிஎஃப் கடைசிப் பக்கம் வரைக்கும் திறந்து காட்டச் சொல்லுங்கள். போன மாதம் இன்னொரு நிறுவனத்துக்காரரிடம் அப்படித்தான் கேட்டேன். மூன்று பதிப்பகங்களில் இரண்டு திறந்தன.

மூன்று வருடத்துக்குச் சேர்த்துக் கட்டினால் தள்ளுபடி என்று இப்போதைய நிறுவனம் சொல்கிறது. நான் ஒரு வருடத்துக்கு மட்டும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். கூடவே மூன்று நிபந்தனை: பதிவேடு 90 நாளில் அழிய வேண்டும் என்பது ஒப்பந்தத்திலேயே வர வேண்டும், பதிப்பக முகவரி மாற்றங்களை மாதம் ஒருமுறை அவர்களே சோதித்து எனக்கு எழுத்தில் தர வேண்டும், வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் சாயங்காலம் 6 முதல் 10 வரை போன் எடுக்க ஓர் ஆள் இருக்க வேண்டும். முதல் இரண்டுக்கும் சம்மதம் வந்துவிட்டது. மூன்றாவதற்கு, "மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறோம் மேடம்" என்றிருக்கிறார்கள். தாள் என் மேஜையில்தான் இருக்கிறது, இன்னும் கையெழுத்துப் போடவில்லை.